டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்தில் சேரலாமா? ஓர் உறுப்பினரின் மதிப்புரை

கோவையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் ஒரு பள்ளி இருக்கிறது. அதன் மாடி வகுப்பறையில், மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் மாலை ஐந்தரை மணிக்குக் கூடும், பேச்சுப் பயிற்சிக்கான உலகளாவிய அமைப்பான டோஸ்ட்மாஸ்டர்ஸின் மன்றம் ஒன்றில் நான் 2018ஆம் ஆண்டு முதல் உறுப்பினராக இருக்கிறேன். பம்பு உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்கூடம் ஒன்றில் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. மேடைப் பேச்சாளனாக வேண்டும் என்ற ஆசை அன்றும் இருந்ததில்லை, இன்றும் இல்லை. மாதாந்திரக் கூட்டத்தில் வசூலாகாத தொகைகளைப் பற்றி எழுந்து நின்று நான்கு வார்த்தை சொல்ல வேண்டியபோதெல்லாம், கையிலிருக்கும் தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடும் பழக்கம் எனக்கு இருந்தது. அதிலிருந்து மீள வழி தேடித்தான் அங்கே போனேன். இத்தனை ஆண்டுகளில் உறவினர்களும் உடன் வேலை செய்பவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது, இதற்குப் பணம் கட்டிச் சேரலாமா என்பதுதான். சேரலாம் என்பது என் பதில். ஆனால் எதை எதிர்பார்த்துச் சேர வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு இந்த அமைப்பு பிறந்த கதையையும் சொல்லியாக வேண்டும்.

நம்மில் பெரும்பாலோர் முதலில் மேடையேறியது பள்ளிப் பேச்சுப் போட்டியில்தான். தமிழாசிரியர் முழுநீளத் தாளில் எழுதிக் கொடுப்பார். வீட்டில் அம்மா தாளைப் பிடித்துக்கொண்டிருக்க, நாம் சுவரைப் பார்த்தபடி ஒப்பிப்போம். ஏழாம் வகுப்பில் 'உழவின் மேன்மை' பற்றி நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த இரண்டு பக்கங்களில், அவையோருக்கு வணக்கம் சொன்ன பிறகு வரும் முதல் சொல் மறந்துபோயிற்று. அந்த ஒரு சொல் வராததால் இரண்டு பக்கமும் வரவில்லை. முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு என்று அறிவித்தார்களே தவிர, எவனுடைய பேச்சில் எது நன்றாக இருந்தது, எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று எவரிடமும் யாரும் சொல்லவில்லை. பரிசு வாங்கியவனுக்கும் அது தெரியாது, வாங்காதவனுக்கும் தெரியாது. பேச்சைக் கொண்டாடுகிற நாட்டில் பிறந்து, நள்ளிரவு வரை மணல்வெளியில் உட்கார்ந்து அரசியல் பேச்சுக் கேட்ட தலைமுறையின் பிள்ளைகளாக வளர்ந்து, பேசக் கற்றுக்கொள்ள மட்டும் நமக்கு ஓர் இடம் இல்லாமல் போனது எனக்கு எப்போதுமே வருத்தம் தரும் விஷயம்.

மன்றத்தில் சேர்வதற்கு ஓராண்டு முன்பு வேறொரு பயிற்சி மையத்தில் பணம் கட்டினேன். பத்து ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கட்டணம் 9,500 ரூபாய். பயிற்சி தந்தவர் அருமையாகப் பேசுவார். பத்து வாரமும் அவரே பேசினார். முப்பது பேர் இருந்த அந்த அறையில், பத்து வாரத்திலும் சேர்த்து நான் எழுந்து நின்று பேசிய நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டியிருக்காது. நீச்சல் எப்படி அடிப்பது என்று கரையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வீடு திரும்பியது போலத்தான் இருந்தது. அந்த 9,500 ரூபாய் போன வருத்தத்தில்தான் மன்றத்துக்கும் சந்தேகத்தோடே போனேன்.

முதல் நாள் விருந்தினனாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். இருபது பேர் இருந்திருப்பார்கள். அங்கே ஆசிரியர் என்று யாருமில்லை என்பது கால்மணி நேரத்திலேயே தெரிந்தது. அன்றைய கூட்டத்தை நடத்தியவர் ஒரு மருந்துக் கடைக்காரர். நேரம் பார்த்தவர் கல்லூரி மாணவி; பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று அட்டைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு, ஒரு கையில் அலைபேசியின் நிறுத்துக் கடிகாரத்தைப் பிடித்திருந்தார். முன்கூட்டியே தயாரித்த பேச்சுக்குப் பொதுவாக ஐந்திலிருந்து ஏழு நிமிடம். ஐந்தாம் நிமிடம் பச்சை அட்டை உயரும், ஆறாம் நிமிடம் மஞ்சள், ஏழாம் நிமிடம் சிவப்பு. சிவப்புக்குப் பிறகு முப்பது விநாடி வரை பொறுப்பார்கள். அன்று பேசிய மூவரில் ஒருவர், நல்ல கதையொன்றின் நடுவில் இருந்தபோது சிவப்பு அட்டை எழுந்தது. அவர் இரண்டே வாக்கியத்தில் கதையை முடித்து, கைதட்டலோடு இறங்கினார். நம் ஊர் விழாக்களில் 'இரண்டு நிமிடம் மட்டும்' என்று ஒலிவாங்கியை வாங்கி முக்கால் மணி நேரம் விடாத பெரியவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்தக் காட்சியே போதுமாக இருந்தது.

இடைவேளையில் சுக்குக் காப்பி கொடுத்தார்கள். பிறகு 'டேபிள் டாபிக்ஸ்' என்ற பகுதி. ஒருவர் தலைப்பைச் சொல்லி ஒரு பெயரை அழைப்பார். அழைக்கப்பட்டவர் முன்தயாரிப்பு எதுவுமின்றி ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். விருந்தினர் விரும்பினால் மறுக்கலாம். நான் மறுத்தேன். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் என்னை அங்கே நிறுத்திவைத்தது. பேசிய மூவருக்கும் தனித்தனியே ஒரு மதிப்பீட்டாளர் இருந்தார். அவரும் பேச்சாளரைப் போன்ற ஓர் உறுப்பினரே. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே குறிப்பெடுத்து வைத்திருந்து, இப்போது எழுந்து, இரண்டிலிருந்து மூன்று நிமிடத்துக்குள், எது நன்றாக அமைந்தது, எது அமையவில்லை, அடுத்த முறை எப்படிச் செய்து பார்க்கலாம் என்பதை எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். அவருக்கும் மூன்று அட்டைகள் உண்டு. இவர்கள் எல்லோரையும், கூட்டம் நடந்த விதத்தையும் சேர்த்து மதிப்பிட இன்னொருவர் இருப்பார். 'ஆ', 'ம்' என்று பேச்சாளர் இழுக்கும் ஒலிகளை எண்ணிச் சொல்ல ஒருவர், மொழியைக் கவனிக்க ஒருவர். ஆக, அந்த அறையில் சும்மா உட்கார்ந்து கேட்பவர் என்று கிட்டத்தட்ட யாருமே இல்லை. இருபது பேரில் பத்துப் பன்னிரண்டு பேரின் கையில் பேனா இருந்தது.

ஆசிரியர் இல்லாத இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. 1878இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்த ரால்ஃப் ஸ்மெட்லி, கல்லூரிப் படிப்பை 1903இல் முடித்ததும் புளூமிங்டன் நகரின் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தில் கல்விப் பிரிவு இயக்குநராகச் சேர்ந்தார். அங்கே வந்துபோகும் இளைஞர்கள் தொழில் தெரிந்தவர்களாக இருந்தும், நாலு பேர் கூடிய இடத்தில் ஒரு கருத்தைச் சொல்லவோ ஒரு கூட்டத்தை நடத்தவோ தெரியாமல் தடுமாறுவதைப் பார்த்து, 1905இல் அவர்களுக்காக ஒரு பேச்சு மன்றம் தொடங்கினார். பெரிய விருந்துகளில் பேச்சாளர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தி, வாழ்த்துரை சொல்ல அழைப்பவரை ஆங்கிலத்தில் டோஸ்ட்மாஸ்டர் என்பார்கள். மன்றத்தின் கூட்டங்கள் விருந்துக்குப் பின் நடக்கும் உரைகளின் சாயலில் இருந்ததால் அந்தப் பெயரையே அதற்கும் வைத்தார். நம் ஊரில் இன்றும் 'அது என்ன, ரொட்டி சுடும் சங்கமா' என்று கேட்பவர்களுக்கு இந்த விளக்கத்தை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

புளூமிங்டனுக்குப் பிறகு ஸ்மெட்லி பணி மாறுதலாகிப் போன வேறு ஊர்களிலும் இத்தகைய மன்றங்களை அமைத்தார். அவர் இருக்கும்வரை அவை நடந்தன. அவர் அடுத்த ஊருக்குப் போனதும் நின்றுபோயின. இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு நம் ஊர் நூலகங்களும் இரவுப் பாடசாலைகளும் நினைவுக்கு வந்தன. ஒரு நல்ல மனிதர் தன் தோளில் தூக்கிச் சுமந்த எத்தனையோ காரியங்கள், அவர் மாற்றலாகிப் போன மறுமாதமே பூட்டுப் போட்டுக் கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1922இல் கலிபோர்னியாவின் சாண்டா அனா ஒய்.எம்.சி.ஏ.வுக்கு வந்த ஸ்மெட்லி, 1924 அக்டோபர் 22 அன்று அந்தக் கட்டடத்தின் நிலவறையில் மீண்டும் ஒரு மன்றத்தைக் கூட்டினார். அந்த மன்றம் நிலைத்தது. பக்கத்து ஊர்க்காரர்களும் தங்கள் ஊரில் தொடங்க வழி கேட்டார்கள். 1928இல் மன்றம் நடத்துவதற்கான கையேட்டையும் பேச்சுப் பயிற்சிக்கான பத்துப் பாடங்களையும் எழுதி அவர் பதிப்புரிமை பெற்றார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் மன்றம் அமைந்தபின் அமைப்பின் பெயரோடு 'இன்டர்நேஷனல்' சேர்ந்துகொண்டது. 1932இல் அது முறைப்படி பதிவானது.

மற்ற ஊர்களில் நின்றுபோனது சாண்டா அனாவில் மட்டும் ஏன் நிலைத்தது என்பதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. ஸ்மெட்லி பேச்சுக் கலையில் பெரிய புலமையை வைத்து இதைக் கட்டவில்லை. ஒரு கூட்டத்தை எப்படித் தொடங்குவது, யாருக்கு எத்தனை நிமிடம், யார் யாரை மதிப்பிடுவது, பொறுப்புகளை எப்படிச் சுழற்றுவது என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்ததை யாரும் நடத்தலாம். அவர் அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இன்று கோவையில் ஒரு மருந்துக் கடைக்காரர் எழுந்து கூட்டத்தை நடத்த முடிகிறது என்றால் அதற்குக் காரணம் அந்தத் தாள்தான். ஸ்மெட்லி 1965இல் காலமானார். அவருக்குப் பிறகும் அமைப்பு வளர்ந்தது. 2024இல் நூறு ஆண்டு நிறைந்தபோது ஏறத்தாழ 150 நாடுகளில் 14,000க்கும் மேற்பட்ட மன்றங்களில் 2.7 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள்.

இந்த வரலாற்றில் மனம் நெருடும் இடமும் உண்டு, அதை மறைத்துவிட்டு மதிப்புரை எழுத எனக்கு விருப்பமில்லை. தொடங்கி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இது ஆண்களுக்கு மட்டுமான அமைப்பாக இருந்தது. பெண்களுக்கென்று சான் பிரான்சிஸ்கோவில் எர்னெஸ்டீன் ஒயிட் என்பவர் 1938இல் டோஸ்ட்மிஸ்ட்ரஸ் என்ற பெயரில் தனி அமைப்பையே தொடங்க வேண்டியிருந்தது. ஹெலன் பிளாஞ்சார்ட் என்ற பெண்மணி 1970இல் 'ஹோமர்' பிளாஞ்சார்ட் என்று ஆண் பெயரில் பதிவு செய்துகொண்டு மன்றத்தில் சேர்ந்தார். 1973இல்தான் விதி மாறிப் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். அதே ஹெலன் 1985ஆம் ஆண்டு உலக அமைப்பின் தலைவரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர். எங்கள் மன்றத்தில் இன்று பாதிக்கு மேல் பெண்கள். புதிதாகச் சேரும் பெண்களுக்கு ஹோமர் கதையைச் சொல்வதை எங்கள் மூத்த உறுப்பினரான ஓர் அக்கா வழக்கமாக வைத்திருக்கிறார். பள்ளி ஆசிரியையான அவர் அதைச் சொல்லும்போது குரல் சற்று உயரும்.

மீண்டும் என் கதைக்கு வருகிறேன். சேர்ந்து ஒரு மாதத்தில் 'ஐஸ் பிரேக்கர்' என்ற முதல் பேச்சு. தன்னைத்தானே அறிமுகப்படுத்திக்கொள்வதுதான் பாடம், நான்கிலிருந்து ஆறு நிமிடம். நான் எழுதி எடுத்துக்கொண்டு போனேன், பழக்கம் அப்படி. கை நடுங்கியதில் தாளின் சலசலப்பு எனக்கே கேட்டது. நான்கு நிமிடம் பத்து விநாடியில் முடித்து உட்கார்ந்தபோது என்ன பேசினேன் என்பதே நினைவில் இல்லை. என்னை மதிப்பிட எழுந்தவர், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். கட்டம் போட்ட ஒரு சின்னக் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, ஆறேழு தடவ தாளப் பாத்தீங்க. அது தப்பில்லீங்க, மொதல் பேச்சுல நானும் பாத்தவன்தான். ஆனா உங்க அப்பாவோட சைக்கிள் கடையப் பத்திச் சொன்னீங்களே, அந்த ஒரு நிமிசம் மட்டும் தாளப் பாக்கவே இல்ல. கண்ணு எங்க மேலதான் இருந்துச்சு. அடுத்த பேச்ச, நீங்க பாக்காமச் சொல்ற எடத்துல இருந்து தொடங்கிப் பாருங்க."

நான் பார்க்காத என்னை அவர் பார்த்திருந்தார். தாளைப் பார்க்காதே என்று எனக்கு அதற்கு முன் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஒரு பயனும் விளையவில்லை. எந்த இடத்தில் நான் தாளை மறந்தேன் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். அடுத்த பேச்சை, அப்பாவின் கடையில் பஞ்சர் ஒட்டும்போது வரும் சொல்யூஷன் வாசனையிலிருந்து தொடங்கினேன். தாளைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன், எடுக்கவில்லை. அலுவலகக் கூட்டத்தில் தாளைக் கீழே வைக்க இன்னும் எட்டு மாதமாயிற்று. வசூலாகாத தொகைகளைப் பட்டியலாக வாசிப்பதை விட்டுவிட்டு, ஒரே ஒரு வாடிக்கையாளரின் கணக்கு எப்படி நிலுவையானது என்பதை எடுத்துச் சொன்னேன். முதலாளி இரண்டு கேள்வி கேட்டார். அதற்கு முன் அவர் என்னிடம் கேள்வி எதுவும் கேட்டதே இல்லை.

இந்த ஏழெட்டு ஆண்டுகளில் நான் தயாரித்துப் பேசிய பேச்சுகள் முப்பதைத் தாண்டாது. ஆனால் பிறருடைய பேச்சை மதிப்பிட்டது அதைவிட அதிகம் இருக்கும். எனக்குக் கிடைத்த பயனில் பெரும்பங்கு இந்த இரண்டாவதிலிருந்து வந்தது என்பதைத்தான் இந்த மதிப்புரையில் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். ஒருவருடைய ஏழு நிமிடப் பேச்சை, 'இதற்கு நான் பதில் சொல்ல வேண்டும்' என்ற பொறுப்போடு கேட்கும்போது காது வேறுவிதமாக வேலை செய்கிறது. அவர் எந்த இடத்தில் வேகமெடுத்தார், எந்தச் சொல்லை மூன்று முறை சொன்னார், எந்த இடத்தில் அறை நிசப்தமானது என்பதெல்லாம் பிடிபடுகிறது. அதைவிடக் கடினமானது, அதை அவர் மனம் நோகாமல், பொய்யும் கலக்காமல், மூன்று நிமிடத்துக்குள் சொல்வது. வீட்டில் மகனின் தேர்வுத் தாளைப் பார்த்துப் பேசும்போதும் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையனின் தவறைச் சுட்டும்போதும் அந்த மூன்று நிமிடப் பயிற்சி எனக்கு உதவியிருக்கிறது. மேடைக்காகச் சேர்பவர்களில் பலர் தங்கள் பேச்சு நாளில் மட்டும் வந்து, மற்ற நாட்களில் வராமல் இருந்துவிடுகிறார்கள். அவர்கள் பாதிப் பணத்தை வீணாக்குகிறார்கள் என்றே நான் சொல்வேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. மதிப்பீட்டில் பாராட்டு, திருத்தம், மீண்டும் பாராட்டு என்று அடுக்கும் வழக்கம் பரவலாக உண்டு. புதியவர்களுக்கு அது நல்லது. ஆனால் ஐந்தாண்டு பேசியவருக்கும் அதே சர்க்கரையைத் தூவினால், நடுவில் இருக்கும் மருந்து நாக்கில் படாமலே போய்விடும். 'ஆ'வை எண்ணும் வழக்கத்திலும் எனக்கு முழு உடன்பாடில்லை. சில மன்றங்களில் ஒவ்வொரு முறையும் மணி அடிக்கும் வழக்கம் கூட உண்டு. எண்ணிக்கை தெரிவது நல்லதுதான். தமிழில் பேசும்போது நமக்கு 'ஆ'வை விட 'வந்து', 'அதாவது', 'இப்பப் பாத்தீங்கன்னா' ஆகிய மூன்றும்தான் அதிகம் வரும் என்பதையே அந்தப் பட்டியல் வழியாகத்தான் அறிந்தேன். ஆனால் எண்ணிக்கைக்குப் பயந்து ஒருவர் இயல்பான தயக்கத்தைக்கூட விழுங்கினால், பேச்சு மனப்பாடம் செய்தது போல ஆகிவிடுகிறது. ஏழாம் வகுப்பு மேடைக்கே திரும்பிப் போவதாக எனக்குத் தோன்றும்.

பாடத்திட்டத்தைப் பொறுத்தவரை, முன்பு அச்சிட்ட கையேடு இருந்தது. பத்துப் பேச்சுகளை முடித்தால் முதல் படி. இப்போது 'பாத்வேஸ்' என்ற இணையவழித் திட்டம், ஒவ்வொரு பாதையிலும் ஐந்து நிலைகள். கையேட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் படித்த பழைய உறுப்பினர்களுக்கு இணையதளம் பழகச் சிரமமாக இருந்தது. எங்கள் மின்வாரியப் பெரியவருக்காக அவருடைய பேத்தி பாடங்களைத் தாளில் அச்சிட்டுக் கொடுக்கிறாள். விருதுகளையும் நிலைகளையும் துரத்துவதில் சிலர் அவசரப்படுவதும் உண்டு. நிலை ஏறியது சான்றிதழில் தெரியும், பேச்சில் தெரியாது. புதிதாகச் சேர்பவர்கள் ஒரே பாடத்தை இரண்டு முறை செய்யத் தயங்கக் கூடாது.

மொழி பற்றித் தனியே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலுள்ள மன்றங்களில் பல ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. ஆங்கிலப் பேச்சுக்கு அஞ்சி, அதற்கு மட்டும் பயிற்சி தேடி வருபவர்களுக்கு அது பொருத்தமே. ஆனால் பேசும் அச்சமும் மொழி அச்சமும் ஒன்றாகத் தாக்கினால் முதல் மாதத்திலேயே ஓடிவிடுவார்கள், ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் மன்றத்தில் இரண்டு மொழியும் உண்டு. ஒரு கூட்டம் தமிழில், ஒரு கூட்டம் ஆங்கிலத்தில். தமிழிலேயே கூடும் மன்றங்கள் தமிழ்நாட்டிலும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கின்றன. பாத்வேஸ் பாடங்களும் தமிழில் கிடைக்கின்றன. முதலில் தாய்மொழியில் நிற்கக் கற்றுக்கொண்டு, பிறகு ஆங்கிலத்துக்குப் போவதையே நான் பரிந்துரைப்பேன். நான் அப்படித்தான் போனேன். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 அன்று தன் முதல் பிரசங்கத்தைச் செய்து, பின் வெள்ளிக்கிழமை தோறும் அதைத் தொடர்ந்த வரலாற்றை இங்கே நினைத்துக்கொள்கிறேன். வெஸ்லியன் மிஷன் பள்ளியில் இருந்தபோது பார்த்த பிரசங்க முறையை அவர் தமிழுக்கும் சைவத்துக்கும் உரியதாக மாற்றிக்கொண்டார். வெளியிலிருந்து வந்த வடிவம் என்பதற்காகத் தமிழ் அதை மறுக்கவில்லை, எடுத்துத் தனதாக்கிக்கொண்டது. ஸ்மெட்லியின் தாளையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பெருந்தொற்றுக் காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020இல் உலக அளவில் 3.64 லட்சத்துக்கும் மேற்பட்டிருந்த உறுப்பினர் எண்ணிக்கை அதன்பின் பெருமளவு குறைந்தது. எங்கள் மன்றத்தில் இருபத்து நான்கு பேர் இருந்தோம், ஒன்பதாகக் குறைந்தோம். ஜூம் வழியாகக் கூடினோம்; நேரம் பார்ப்பவர் அட்டைக்குப் பதிலாகத் தன் பின்னணித் திரையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாற்றுவார். கைதட்டல் கேட்காது, எல்லோரும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டுவோம். ஒரு கூட்டத்தில் நான்கே பேர். மருந்துக் கடைக்காரர் பேச, மின்வாரியப் பெரியவர் நேரம் பார்க்க, நான் மதிப்பிட, ஆசிரியை அக்கா கூட்டத்தை நடத்தினார். மூடிவிடலாமா என்று பேச்சு வந்தபோது, நான்கு பேர் இருந்தாலும் நிகழ்ச்சி நிரல் அதேதான், நடத்தலாம் என்று அக்கா சொன்னார். நடத்தினோம். பள்ளி திறந்து வகுப்பறை மீண்டும் கிடைத்தபோது, முதல் கூட்டத்துக்குச் சாக்பீஸ் தூள் படிந்த அந்த மேசையைத் துடைத்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

போட்டிகளில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அதற்கும் வழியுண்டு. 1938 முதல் நடந்துவரும் உலகப் பேச்சுப் போட்டி மன்ற அளவில் தொடங்கிப் படிப்படியாக மேலே போகும். 2014இல் இலங்கையைச் சேர்ந்த தனஞ்சய ஹெட்டியாராச்சி அதில் வென்றார்; 2016இலும் 2017இலும் சிங்கப்பூரிலிருந்து சென்றவர்கள் வென்றார்கள். எங்கள் பகுதிப் போட்டியைப் பார்வையாளனாக இருமுறை பார்த்திருக்கிறேன். எனக்குப் போட்டியை விடச் சாதாரணக் கூட்டமே பிடிக்கும்.

கட்டணத்துக்கு வருவோம். தலைமையகத்துக்குச் செலுத்த வேண்டிய தொகை, 2023 அக்டோபரிலிருந்து, ஆறு மாதத்துக்கு 60 டாலர். அதற்கு முன் 45 டாலராக இருந்தது. புதிதாகச் சேர்பவர் ஒருமுறை மட்டும் கூடுதலாக 20 டாலர் கட்ட வேண்டும். இடத்துக்கும் தேநீருக்குமாக ஒவ்வொரு மன்றமும் சிறு தொகை சேர்த்து வாங்கும். நம் ஊர்ப் பணத்தில் ஆறு மாதத்துக்கு ஐயாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது, கல்லூரி மாணவர்களுக்கு அது சிறிய தொகை இல்லை. எங்களிடம் வந்து மிகுந்த ஆர்வத்தோடு இரண்டு முறை பேசிய பாலிடெக்னிக் மாணவன் ஒருவன் கட்டணத்தைக் கேட்டபின் வரவில்லை. அவன் முகம் எனக்கு மறக்கவில்லை. வேலையில் இருப்பவர்களைப் பொறுத்தவரை, மாதம் இரண்டு கூட்டம், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், ஏதாவது ஒரு பொறுப்பில் எழுந்து நிற்கும் வாய்ப்பு என்று கணக்குப் பார்த்தால், நான் முன்பு கட்டிய 9,500 ரூபாயோடு இதை ஒப்பிடவே முடியாது.

ஆனால் ஒரு மன்றத்தைப் போல இன்னொன்று இருக்காது. விருந்தினராகப் போகக் கட்டணம் இல்லை என்பதால், சேரும் முன் குறைந்தது இரண்டு மன்றங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை போய்ப் பாருங்கள். பேச்சாளர்கள் எவ்வளவு நன்றாகப் பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டாம். மதிப்பீட்டாளர்கள் பேசும்போது காது கொடுங்கள். 'அருமை, சிறப்பு, வாழ்த்துகள்' என்பதோடு முடிகிறதா, பேச்சில் வந்த ஒரு குறிப்பிட்ட வாக்கியத்தையோ அசைவையோ எடுத்துச் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். கூட்டம் அறிவித்த நேரத்துக்குத் தொடங்குகிறதா, சிவப்பு அட்டைக்குத் தலைவரும் கட்டுப்படுகிறாரா என்பதையும் பாருங்கள். உறுப்பினர் கட்டணம் ஏப்ரல் 1, அக்டோபர் 1 ஆகிய தேதிகளில் புதுப்பிக்கப்படும். இடையில் சேர்பவர்களுக்கு எஞ்சிய மாதங்களுக்கு மட்டும் கணக்கிட்டு வாங்குவார்கள். ஆகவே தேதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் நாள் போகும்போது கையில் ஒரு பேனா எடுத்துச் செல்லுங்கள். எங்கள் மன்றத்தில் விருந்தினருக்கும் ஒரு துண்டுச் சீட்டுத் தருவோம், அன்று பேசியவர்களில் ஒருவருக்கு நீங்களும் இரண்டு வரி எழுதிக் கொடுக்கலாம்.